'அந்த நாள்': மறக்கக் கூடாத போர்க்காலப் படம்

திண்டுக்கல் மலைக்கோட்டையைக் காணும்போது ஹைதர் அலியின் நினைவு வராமல் போகாது. 1755-இல் மைசூர் அரசின் சார்பில் இவ்வூரின் பொறுப்பை ஏற்றவர் அவர். அவருடைய மைந்தர் திப்பு சுல்தான் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்ததைப் பேசுவோர், உடனிருந்தே கெடுத்த மீர் சாதிக்கின் பெயரையும் சேர்த்தே பேசுவர். அரசவைத் துரோகியைப் பழிப்பது எளிது. அவன் நம் இல்லத்தவனாகவே இருந்துவிட்டால்?

வாசக நேயர்களே! இக்கேள்வியை எழுப்பிய தமிழ்ப் படம் ஒன்று உண்டு. ஏ.வி.எம். தயாரிப்பில், வீணை வித்தகர் எஸ். பாலசந்தர் இயக்கி, 1954-இல் வெளிவந்த 'அந்த நாள்' என்பதே அது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியது. மக்கள் அஞ்சி நடுங்கிய அந்நாட்களில், வானொலிப் பொறியாளர் ராஜன் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். அண்டை வீட்டார், உடன்பிறந்தவர், மனைவி உஷா என ஒவ்வொருவரும் துப்பறியும் அதிகாரியிடம் தாம் அறிந்த ராஜனைப் பற்றிக் கூறுகின்றனர். இறந்தவர் பகைநாட்டுக்கு உளவு சொன்னவர் என்பது மெல்ல வெளிப்படுகிறது.

தம் அறிவை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பே ராஜனை அவ்வழியில் தள்ளியது. உஷாவோ நாட்டுப்பற்று மிக்கவர். ஒருபுறம் கைப்பிடித்த கணவர். மறுபுறம் பல்லாயிரம் உயிர்கள். அவர் என்ன செய்திருக்க வேண்டும்? கொலையாளி யார் என்பதைப் படத்திலேயே காண்க.

ராஜனாக சிவாஜி கணேசனும் உஷாவாகப் பண்டரிபாயும் நடித்தனர். உரையாடல் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் தோன்றினார். பாடலோ நடனமோ இல்லை. பாட்டுக்காகவே படம் பார்த்த அக்கால மக்கள் ஏமாற்றமடைந்தனர், வசூல் குன்றியது. எனினும் தேசிய விருதுக் குழு நற்சான்றிதழ் வழங்கிச் சிறப்பித்தது.

துரோகம் பெரும்பாலும் பகைவனிடமிருந்து பிறப்பதில்லை. ஆறாத மனக்குறையை ஒருவர் நெஞ்சிலேயே வளர்த்துக்கொள்வதால் பிறக்கிறது. அக்குறையை உரிய காலத்தில் செவிமடுத்துக் கேட்பது குடும்பத்தாரின் கடமை. கேட்டும் திருந்தாதவர் தவறு செய்தால், பாசத்தின் பெயரால் அதை மறைப்பது விசுவாசமாகுமா? பிள்ளைகளை அருகில் அமர்த்தி இப்படத்தைப் பாருங்கள். பார்த்தபின் இக்கேள்வியை அவர்களிடமே கேளுங்கள்.