அறுந்த நார் மீண்டும் ஒட்டுமா?

2020-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், லேண்டோவர் என்னும் ஊரிலுள்ள அரங்கில் அமெரிக்கக் கால்பந்தாட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் 23 வயது ஆட்டக்காரர் ஜோ பரோ பந்தை வீசினார். பந்து கையை விட்டுச் சென்ற நொடியிலேயே எதிரணியினர் இருவர் அவர்மேல் வந்து மோதினர். ஒருவர் மேலுடம்பில், மற்றவர் தாழ்வாக. தரையில் ஊன்றியிருந்த அவருடைய இடக்கால், முழங்கால் வளையக்கூடாத பக்கமாக வளைந்தது. அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. வண்டியில் ஏற்றித்தான் வெளியே கொண்டு சென்றனர்.

அந்த ஆண்டு தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். அவருடைய முழு எதிர்காலமும் இப்போது ஒரு முழங்காலில் வந்து நின்றது. மீண்டும் ஆடுவாரா? ஆடினால் முன்போல் ஆடுவாரா? இக்கேள்விகளுக்கு விடை மருத்துவரின் கைத்திறனில் மட்டும் இல்லை. உடம்பின் சில விந்தையான பழக்கங்களிலும் இருக்கிறது.

அமெரிக்கக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து அன்று. அணிக்கு 11 பேர் என்றாலும், இரு முனையும் கூம்பிய பந்தைப் பெரும்பாலும் கையால் எறிந்தும், அணைத்துக்கொண்டு ஓடியும் ஆடுவார்கள். இதில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் அணியின் மூளை. பந்து முதலில் அவர் கைக்கு வரும். இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று அவர் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள எதிரிகள் அவரை வீழ்த்தப் பாய்ந்து வருவார்கள். நம் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் முன்காலை ஊன்றுவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? வலக்கையால் எறியும் குவார்ட்டர்பேக்கும் அப்படித்தான் இடக்காலை முன்வைத்து ஊன்றுகிறார். கண்கள் தொலைவில், உடம்பின் பளு முழுவதும் இடக்காலில். 2006 ஜனவரியில் கார்சன் பாமர், 2008 செப்டம்பரில் டாம் பிரேடி, இப்போது பரோ. வலக்கையர்களான இம்மூவருக்கும் முறிந்தது இட முழங்கால்தான்.

கயிறுகளால் நிற்கும் மூட்டு

இடுப்பு மூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்துக்குள் பந்து உட்கார்ந்திருப்பது போன்ற அமைப்பு. எலும்பே எலும்பைப் பிடித்துக்கொள்ளும். முழங்காலில் அந்த வசதி இல்லை. தொடையெலும்பின் கீழ்முனை இரண்டு உருண்டைகளாக இருக்கிறது. அதற்கடியில் கீழ்க்கால் எலும்பின் மேல்முனை ஏறக்குறையத் தட்டையாக இருக்கிறது. தட்டின்மேல் இரண்டு எலுமிச்சம்பழங்களை வைத்தால் நிற்குமா? நிற்பதற்காக நான்கு வலிய கயிறுகள் கட்டப்பட்டுள்ளன. எலும்பையும் எலும்பையும் பிணைப்பதால் அவற்றைப் பிணைநார்கள் எனலாம். உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. மூட்டின் நடுவே பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று குறுக்கிடும் சிலுவை நார்கள் இரண்டு. உருண்டைக்கும் தட்டுக்கும் இடையே மெத்தைபோல் பிறை வடிவக் குருத்தெலும்புகள் இரண்டு இருக்கின்றன.

செய்தித்தாள்களில் ஏ.சி.எல். என்று அடிக்கடி அடிபடுவது முன் சிலுவை நார்தான். நீளம் ஏறத்தாழ 3 செ.மீ.; பருமன் ஒரு சுண்டுவிரல் அளவு. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், மிகையாகத் திருகிக்கொள்ளாமலும் காப்பது இதன் வேலை. இளைஞர்களின் நாரை இழுத்துச் சோதித்தபோது, அறுவதற்குச் சுமார் 2,160 நியூட்டன் விசை தேவைப்பட்டது. அதாவது ஏறத்தாழ 220 கிலோ எடையைத் தொங்கவிட வேண்டும்! ஆனால் பாதம் தரையில் பதிந்திருக்க, உடம்பு வேறு பக்கம் திரும்பினால் இந்த எல்லையும் தாண்டிவிடும். யாரும் தொடாமலேயே இது அறுவதுண்டு. கபடி ஆடும்போது சட்டென்று காலை ஊன்றித் திரும்புகையில் முழங்காலுக்குள் ‘பட்’டென்று ஓசை கேட்டுச் சுருண்டு விழுந்த ஆட்டக்காரர்கள் நம் ஊர்களிலும் பலர்.

பரோவுக்கு முன் சிலுவை நாரும் உட்பக்கப் பிணைநாரும் அறுந்திருந்தன. பின் சிலுவை நாரும் பிறைக் குருத்தெலும்பும்கூட அடிபட்டிருந்தன.

ஒன்று தானே ஆறும், மற்றொன்று ஆறாது

இங்கே ஒரு புதிர் உண்டு. உட்பக்கப் பிணைநார் மட்டும் கிழிந்தவர்களுக்குப் பெரும்பாலும் அறுவை மருத்துவமே வேண்டியதில்லை. முழங்காலுக்குப் பட்டை கட்டிச் சில வாரங்கள் காத்தால் அது தானே கூடிவிடும். முன் சிலுவை நார் அறுந்தாலோ பெரும்பாலும் கூடுவதில்லை. ஒரே முழங்கால், ஒரே வகைப் புரத இழைகள், ஒன்று ஆறுகிறது, மற்றொன்று ஆறவில்லை. ஏன்?

விரலில் கத்தி பட்டால் என்ன நடக்கிறது? இரத்தம் கசிந்து உறைகிறது. அந்த உறைகட்டிதான் சாரம். கொத்தனார் சாரத்தில் ஏறி நின்று சுவர் எழுப்புவதுபோல், உயிரணுக்கள் அதில் ஏறிப் புதுத் திசுவைக் கட்டுகின்றன. உட்பக்கப் பிணைநார் மூட்டுக் குழிக்கு வெளியே இருப்பதால் அங்கே உறைகட்டி நிலைத்து நிற்கும். முன் சிலுவை நாரோ மூட்டின் நடுவே, மூட்டுத் திரவம் சூழ்ந்த இடத்தில் இருக்கிறது. எலும்புகள் உராயாமல் எண்ணெய்போல் உதவும் அதே திரவம், உறைகட்டியை நிற்கவிடாமல் கரைத்துவிடுகிறது. சாரம் கட்டக் கட்ட வெள்ளம் அடித்துச் சென்றால் பாலம் எப்படி எழும்பும்? அறுந்த முனைகள் இரண்டும் சுருங்கி ஒதுங்கிவிடுகின்றன.

தைத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். 1895-இலேயே இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர் தைத்துப் பார்த்தார். அவருக்குப் பின்னும் பலர் தைத்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, தைத்த நார்களில் பல தளர்ந்துபோனது தெரிந்தது. எனவே இப்போது பெரும்பாலும் அறுந்ததை ஒட்டுவதில்லை. அந்த இடத்தில் வேறொரு நாரை நடுகிறார்கள்.

நடுவதற்கு நார் எங்கிருந்து வரும்? அவரவர் காலிலிருந்தே எடுக்கலாம். முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள அகலமான தசைநாணின் நடுப்பகுதியை, இரு முனையிலும் சிறு எலும்புத் துண்டோடு வெட்டி எடுப்பது ஒரு முறை. தொடையின் பின்பக்கத் தசைநாண்களை எடுத்து மடித்துப் பயன்படுத்துவது மற்றொரு முறை. பென்சில் பருமனுள்ள குழாயின் வழியே மூட்டுக்குள் பார்த்துக்கொண்டே, தொடையெலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு, அவற்றின் வழியே நாணைச் செலுத்தித் திருகாணியால் இறுக்குகிறார்கள். பரோவுக்கு டிசம்பர் 2-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நீல் எலட்ராச் என்னும் மருத்துவர் அறுவை செய்தார். 2008-இல் பிரேடிக்குச் செய்தவரும் அவரே.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் வியப்பூட்டும் பகுதி. சில்லுத் தசைநாணிலிருந்து எடுக்கும் ஒட்டு, நடும் நாளில் ஏறத்தாழ 2,900 நியூட்டன் விசையைத் தாங்கும். பழைய நாரைவிட வலிமை மிகுதி! அப்படியானால் தையல் ஆறியதும் ஆடப் போகலாமே? போகக்கூடாது. அந்த ஒட்டு, நட்ட பிறகுதான் வலிமையை இழக்கத் தொடங்குகிறது.

ஒட்டுமாங்கன்றை எண்ணிப் பாருங்கள். ஒட்டிய கிளைக்குத் தாய்ச்செடியின் சாறு ஏறும்வரை அது வாடும். முழங்காலில் நட்ட நாணுக்கும் இரத்த ஓட்டம் கிடையாது. முதல் சில வாரங்களில் அதிலுள்ள உயிரணுக்கள் பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. எஞ்சுவது கொலாஜன் இழைகளாலான வெறும் கூடு. மெல்ல மெல்லப் புது இரத்தக் குழாய்கள் அதற்குள் நுழைகின்றன. அவற்றோடு புது உயிரணுக்களும் வருகின்றன. வந்தவை சும்மா இருப்பதில்லை. பழைய இழைகளைப் பிரித்தெடுத்துப் புதியனவற்றைப் பின்னுகின்றன. குடியிருந்துகொண்டே வீட்டின் உத்திரங்களை ஒவ்வொன்றாக மாற்றுவதுபோல் இது. பாதி உத்திரத்தைக் கழற்றிய நாளில் கூரை எந்த நிலையில் இருக்கும்? விலங்குகளில் செய்த சோதனைகளில், முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் ஒட்டு மிகமிக நலிந்திருப்பது தெரிய வந்தது. மனிதரில் இந்த மாற்றம் ஓராண்டையும் தாண்டித் தொடர்கிறது.

அந்த இரண்டு மூன்று மாதத்தில் ஆட்டக்காரர் எப்படி இருப்பார்? வீக்கம் வடிந்திருக்கும். வலி போயிருக்கும். நன்றாக நடப்பார். “நான் தயார்” என்பார்! முழங்காலோ அப்போதுதான் தன் மிகப் பலவீனமான நாட்களைக் கடந்துகொண்டிருக்கும். வலியை மட்டும் நம்பினால் இங்கே ஏமாற்றமே.

நார் ஒருபுறம், தசை மறுபுறம். அடிபட்ட மூட்டு வீங்கியதும், தொடையின் முன்தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளையே குறைந்துவிடுகிறது. ஆள் விரும்பினாலும் தசை முழுதாக இறுகுவதில்லை. சில வாரங்களில் தொடை கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்துவிடும். தவிர, முன் சிலுவை நாரில் நரம்பு முனைகள் உண்டு. கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்பவை அவை. நாரோடு அவையும் போய்விட்டன. ஆகவே ஒற்றைக்காலில் நிற்பதிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும். அடிபட்ட கால், நல்ல காலின் வலிமையில் 90 விழுக்காட்டையாவது எட்டியதா, நொண்டியடித்துத் தாண்டும் தொலைவு இரு காலுக்கும் ஒத்திருக்கிறதா என்றெல்லாம் அளந்து பார்த்த பிறகே களத்துக்கு அனுப்புவது நல்ல முறை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய அறுவை செய்துகொண்ட 106 பேரை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்தது. ஒன்பதாம் மாதம்வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் முழங்கால் காயம் ஏற்படும் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

மீண்டவர்களும் மீளாதவர்களும்

பிரேடிக்கு அறுவைக்குப் பின் முழங்காலில் கிருமித் தொற்று ஏற்பட்டு, மீண்டும் மூட்டைக் கழுவ வேண்டியதாயிற்று. ஆயினும் 2009 செப்டம்பரில் அவர் திரும்பினார். அதன்பின் நான்கு முறை சூப்பர் பௌல் கோப்பையை வென்றார். ராபர்ட் கிரிஃபின் கதை வேறு. 2012-இன் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் என்று புகழப்பட்ட அவருக்கு அந்த டிசம்பரில் வலமுழங்காலின் வெளிப்பக்க நார் சுளுக்கியது. தொடர்ந்து ஆடினார். 2013 ஜனவரி 6-இல் அதே முழங்கால் மடங்கி, அந்த நாரோடு முன் சிலுவை நாரும் கிழிந்தது. கல்லூரி நாட்களில் ஒருமுறை அறுவை கண்ட முழங்கால் அது. எட்டு மாதத்தில் களமிறங்கினாலும் பழைய ஆட்டம் திரும்பவில்லை. பிரேடியின் வலிமை கண்ணிலும் கையிலும் இருந்தது. கிரிஃபினின் வலிமையில் பெரும்பங்கு மின்னல் வேக ஓட்டம். ஒரே காயம் இருவரிடமிருந்து ஒரே பொருளைப் பறிக்கவில்லை என்பது என் கருத்து.

பிறைக் குருத்தெலும்பைப் பற்றியும் ஒரு சொல். 1960-களில் அது கிழிந்தால் வெட்டி எறிந்துவிடுவதே வழக்கம். 1965-இல் ஜோ நாமத் என்னும் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக்குக்கும் அப்படியே செய்தனர். அவர் 1969-இல் சூப்பர் பௌல் வென்றார் என்பது உண்மை. 1992-இல் இரு முழங்கால்களுக்கும் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டார் என்பதும் உண்மையே. மெத்தை போனால் எலும்பு தேயும் என்று தெரிந்துகொண்டபின், இப்போது முடிந்தவரை அதைத் தைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

பரோ, அறுவை முடிந்து ஒன்பது மாதங்களுக்குப் பின், 2021 செப்டம்பர் 12-இல் களமிறங்கினார். அந்தப் பருவத்தின் முறையான ஆட்டங்களில் மட்டும் எதிரிகள் அவரைப் பந்தோடு 51 முறை வீழ்த்தினர். இட முழங்கால் தாங்கியது. 2022 பிப்ரவரி 13-இல் சூப்பர் பௌல் இறுதியாட்டம்வரை அணியைக் கொண்டு சென்றார். 23-20 என்ற கணக்கில் தோல்வி. அந்த ஆட்டத்திலும் அவருக்கு முழங்காலில் அடிபட்டது. ஆனால் இம்முறை வலமுழங்கால்; சுளுக்கியதும் உட்பக்கப் பிணைநார்தான். அறுவை தேவைப்படவில்லை.