வாயில் வைத்த சோறு இறங்காதபோது...



ஒரு வீட்டில் கிழவி மெலிந்து போனால் பழி யார்மேல் விழுகிறது? மருமகள் மேல்தான். "வேலைக்குப் போற அவசரத்துல கெழவியப் பட்டினி போடுறா" என்று அக்கம்பக்கத்தில் பேச்சுக் கிளம்பிவிடும். விடியுமுன் கஞ்சி காய்ச்சி, அரைமணி நேரம் கெஞ்சியும் நாலு கரண்டிகூட இறங்காத வேதனை அவளுக்கல்லவா தெரியும்!

நம் பெரியவர்கள் இதை 'அறளை பேர்ந்துட்டது' என்பார்கள். சிலர் செய்வினை என்று பூசாரியைத் தேடிப் போகிறார்கள். இது பேயுமல்ல, செய்வினையுமல்ல. மூளையைத் தின்னும் நோய். இதில் முக்கியமான ஒரு வகையை 1906-ஆம் ஆண்டில் எடுத்துக் கூறியவர் ஜெர்மன் டாக்டர் அல்ஸைமர். அவர் பெயரே அந்நோய்க்கு வந்தது. மூளைக்கு இரத்தம் போகும் குழாய்கள் கெட்டாலும் இம்மாதிரி மறதி வரும்.

முதலில் பேர் மறக்கும். பிறகு வீடு மறக்கும். வேலையை விட்டு இருபது வருடமான பெரியவர் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து உளியையும் வாளியையும் தேடுவார். நோய் முற்றினால் மெல்லவும் விழுங்கவும்கூட மறந்துபோகும். ஆகவே அவர் வாயை மூடிக்கொள்வது பிடிவாதமல்ல. சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது குறும்புமல்ல.

அதட்டி, மூக்கைப் பிடித்துத் திணித்தால் என்ன ஆகும்? சோறு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா காய்ச்சல் வரும். இந்நோயாளிகள் பலரின் உயிரைக் கடைசியில் கொண்டுபோவது அதுதான்.

ஊட்டும் முறை

படுக்கவைத்து ஊட்டாதீர்கள். முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். டி.வி.யை அணைத்துவிட்டு, எதிரே சமமாக உட்கார்ந்து, "அம்மா, கஞ்சி சாப்பிடுவோமா?" என்று முறை சொல்லிப் பேசுங்கள். தேக்கரண்டியால் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு வாய் உள்ளே போனதைப் பார்த்தபிறகே அடுத்த வாய். குழைந்த சோறு, மசித்த பூசணி, வாழைப்பழம் நல்லது. சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்கவிட வேண்டாம். வாயையும் சுத்தம் செய்துவிடுங்கள். தண்ணீரோ தேநீரோ குடிக்கையில் இருமல் வந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

நேற்றுவரை சாப்பிட்டவர் இன்று திடீரென மறுத்தால் வேறு காரணம் இருக்கலாம். வாய்ப்புண், பல்வலி, மலச்சிக்கல், சிறுநீரில் கிருமி, புதிய மருந்து எதுவாகவும் இருக்கலாம். வலிக்கிறதென்று சொல்ல அவருக்குத் தெரியாது. முகச் சுளிப்பையும் முனகலையும் கவனித்து, தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

"மூக்குல குழாய் போட்டா பொழச்சிடுவாங்களா?" என்று பலரும் கேட்கிறார்கள். நோய் முற்றியவர்களுக்குக் குழாயால் ஆயுள் நீள்வதாகவோ, நிமோனியா தடுக்கப்படுவதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. குழாயைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டிப்போடும் கொடுமையும் நேர்கிறது. பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்பது முதியோர் மருத்துவர்களின் பொதுவான ஆலோசனை. குடும்பத்தோடு போய் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசி நாட்களில் உடம்பே சோற்றைக் கேட்காது. அப்போது உதட்டை நனைத்து, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். அவர் பட்டினியால் சாகவில்லை, நோயால் போகிறார். இதை உணர்ந்தால் ஊட்டியவள் குற்ற உணர்ச்சியில் வேக வேண்டியதில்லை.

ஒருத்தி தலையில் சுமத்தாதீர்

படுத்த படுக்கையானவரை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வரும். இரவும் பகலும் இதை ஒருத்தியே செய்ய முடியுமா? மகன்களே, சம்பாதித்துப் போட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். நாளைக்கு ஒரு வேளையாவது உங்கள் கையால் ஊட்டுங்கள்.

படுக்கையில் கிடப்பவரைப் பராமரிக்கும் ஏழைக் குடும்பங்களுக்குச் சமூகநல இலாகாவில் உதவித்தொகைத் திட்டம் உண்டு. டாக்டரின் கடிதத்தோடு போய் விசாரியுங்கள். 1997-இல் தொடங்கிய மலேசிய அல்ஸைமர் நோய் அறநிறுவனமும் பராமரிப்போருக்கு வழிகாட்டுகிறது.

பக்கத்து வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். மருமகளைக் குறை சொல்வதைவிட, அரைமணி நேரம் அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்காருங்கள். அதற்குள் அவள் குளித்துவிட்டு ஒரு வாய் சோறு தின்றுவிடுவாள்!