ஒரு தடவைதான் கேட்பார்கள்!

உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடும்போது பிறந்த தேதி, முகவரி, அப்பா பெயர் எல்லாம் எழுதி ஜெராக்ஸும் இணைக்கிறோமே, அவை ஏதாவது ஒரு அரசு அலுவலகத்தில் ஏற்கனவே இருப்பவைதான். ஒரு துறையின் கம்ப்யூட்டருக்கு இன்னொரு துறையின் கம்ப்யூட்டரோடு பேசத் தெரியாவிட்டால், நடுவில் நாம்தான் தபால்காரர்!

இதற்கு வழி கண்ட ஒரு குட்டி நாட்டைப் பற்றிச் சொல்கிறேன். வட ஐரோப்பாவில் உள்ள எஸ்டோனியா. மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 2001ல் அங்கே 'எக்ஸ்-ரோடு' என்ற பொது மென்பொருள் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் மொழியில் அதன் பெயர் 'எக்ஸ்-தே'. 'தே' என்றால் சாலை. தேநீருக்கும் அங்கே அதே சொல்தான். நம்ம தேயிலையில் இருக்கிற 'தே' எவ்வளவு தூரம் போயிருக்கு பாருங்க!

எல்லாத் தகவலையும் ஒரே பெரிய கம்ப்யூட்டரில் கொட்டிவிட்டார்கள் என்று நினைச்சுடாதீங்க. மக்கள் பதிவேடு ஒரு இடத்தில், நிலப் பதிவேடு வேறு இடத்தில், மருத்துவக் குறிப்புகள் இன்னோர் இடத்தில் என்று அவரவர் தகவல் அவரவரிடமே இருக்கிறது. ஒவ்வொரு துறையின் வாசலிலும் காவலாளி மாதிரி ஒரு பாதுகாப்பு சர்வர். ஒரு துறை தகவல் கேட்டால், கேட்பது யார், அதற்கு அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே பதில் போகும். அதுவும் டிஜிட்டல் கையொப்பம், நேர முத்திரையோடு, வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டு. ஒரே தகவலைச் சேகரிக்க இரண்டாவது தரவுத்தளம் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

இதனால் என்ன லாபம்? அங்கே குழந்தை பிறந்தால் மக்கள் பதிவேட்டில் ஏறிவிடும். குடும்ப உதவித்தொகை தரும் துறை அதைத் தானாகவே பார்த்து, "உங்களுக்கு இவ்வளவு வரவேண்டும், சம்மதமா?" என்று பெற்றோரைக் கேட்கும். 2019 முதல் இப்படித்தான். விண்ணப்பமே வேண்டாம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறு ஒன்று. என் விவரத்தை எந்த அலுவலகம், எப்போது எடுத்துப் பார்த்தது என்று பல பதிவேடுகளில் குடிமக்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். காரணம் இல்லாமல் எட்டிப் பார்த்தால் மாட்டிக்கொள்வார்கள். இது மட்டும் இல்லையென்றால் நான் இந்த அமைப்பைப் பாராட்டியே எழுதமாட்டேன். துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது வசதிதான். ஆனா என்னைப் பற்றி என்ன பேசிச்சுங்கன்னு எனக்குத் தெரியணுமே!

ஆபத்தும் உண்டு. எல்லாக் கதவுக்கும் சாவி ஒரே அடையாள அட்டை. 2017ல் அந்த அட்டையின் சிப்பில் ஒரு பலவீனம் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். சுமார் 7.5 லட்சம் அட்டைகள்! நவம்பரில் அவற்றின் சான்றுகளை அரசு நிறுத்தி வைத்தது. அட்டையைப் புதுப்பிக்கும்வரை அதைக் காட்டி இணையச் சேவைக்குள் நுழைய முடியாது. செல்போன் சிம் மூலம் அடையாளம் காட்டும் முறை 2007லிருந்தே தனியாக இருந்தது. அதில் இந்தப் பலவீனம் இல்லாததால், அதை வைத்திருந்தவர்கள் வேலை நிற்கவில்லை.

– 11ஆம் வகுப்பு மாணவி