அடிமைகளை விடுவித்தது யார்?

அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றதும் நம் மனக்கண்ணில் வந்து நிற்பவர் ஆபிரகாம் லிங்கன். 1863 ஜனவரி 1 அன்று அவர் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார், அடிமைகளின் விலங்கு அறுந்தது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். லிங்கனின் பெருமையைக் குறைக்க நான் வரவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து அவரைத் தேடி வந்த பாதையைப் பார்த்தால், அதை வெட்டிக் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத பல்லாயிரம் அடிமைகள் என்பது புலப்படும். போர் எதற்காக நடக்கிறது என்பதை வாஷிங்டன் தீர்மானிக்கும் முன்பே அவர்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

தெற்கு எதற்காகப் பிரிந்தது என்பதில் குழப்பமே இல்லை. 1860 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள். அடிமைமுறை புதிய பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்ற லிங்கனின் கட்சி அந்த ஆண்டுத் தேர்தலில் வென்றதும், தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாக விலகின. மாநில உரிமைக்காகவே பிரிந்தார்கள் என்று இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் மிசிசிப்பி வெளியிட்ட பிரிவினை விளக்கத்தைப் படிக்க வேண்டும். தன் நிலை அடிமைமுறையோடு முழுவதும் பிணைந்தது என்று அது முதலிலேயே சொல்லிவிடுகிறது. விலகிய மாநிலங்கள் அமைத்த புதிய தென்கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே தம் அரசின் மூலைக்கல் என்றார். மேலும், தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தர வேண்டும் என்ற 1850ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேட்டுப் பெற்றவர்களும் தெற்கத்தியரே. அப்போது வட மாநிலங்களின் உரிமை அவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை.

வடக்கின் நிலைதான் சிக்கலானது. 1861 மார்ச்சில் பதவியேற்ற லிங்கன், அடிமைமுறை உள்ள மாநிலங்களில் அதைத் தொடும் எண்ணம் தமக்கு இல்லை என்று உறுதி கூறினார். அதே மாதம் ஃபுளோரிடாவின் பிக்கன்ஸ் கோட்டையில் அடைக்கலம் தேடி வந்த அடிமைகளை அங்கிருந்த அதிகாரி எஜமானர்களிடமே திருப்பி ஒப்படைத்தார். ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், நாட்டின் ஒற்றுமையைக் காப்பதே போரின் நோக்கம், மாநிலங்களின் வழக்கங்களைக் கவிழ்ப்பது அல்ல என்று தீர்மானம் போட்டது. மிசௌரியில் ஜெனரல் ஃப்ரிமான்ட்டும், அடுத்த ஆண்டு தென்கடலோரத்தில் ஜெனரல் ஹன்ட்டரும் தாங்களாக விடுதலை ஆணை பிறப்பித்தபோது இரண்டையும் லிங்கன் ரத்து செய்தார். கென்டக்கி, மேரிலாந்து போன்ற எல்லை மாநிலங்கள் அடிமைமுறையை வைத்துக்கொண்டே வடக்கோடு நின்றன. அவற்றை இழந்தால் போரையே இழக்க நேரும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கைக் கலைத்தவர்கள் மூன்று பேர். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லரி, ஜேம்ஸ் டவுன்சென்ட். வர்ஜீனியாவின் கடலோரத்தில் தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களை இறக்கிவிட்டிருந்தார் எஜமானர். 1861 மே 23 இரவு அவர்கள் படகேறி, எதிர்க்கரையில் வடக்கின் வசமிருந்த மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் கோட்டை நிற்கும் முனையில்தான் 1619இல் வர்ஜீனியாவின் முதல் ஆப்பிரிக்கர்கள் கப்பலிலிருந்து இறக்கப்பட்டார்கள். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் அடிமை ஒழிப்புப் போராளி அல்லர். ஒரு மாதம் முன்புதான், மேரிலாந்தில் அடிமைகள் கலகம் செய்தால் அடக்கித் தருவதாக முன்வந்தவர். ஆனால் அவர் கைதேர்ந்த வழக்கறிஞர். மறுநாள் வெள்ளைக்கொடியோடு வந்த தெற்குப் படை மேஜர், சட்டப்படி மூவரையும் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார். வர்ஜீனியா தன்னை அந்நிய நாடு என்று அறிவித்துக்கொண்டுவிட்டதே, அந்நிய நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று பட்லர் திருப்பிக் கேட்டார். எதிரி தன் கோட்டை வேலைக்குப் பயன்படுத்தும் உடைமை என்பதால், போரில் கைப்பற்றத்தக்க பொருளாக அவர்களை வைத்துக்கொள்வேன் என்றார். மனிதரைப் பொருள் என்று ஒப்புக்கொண்ட வாதம்தான் அது. ஆனாலும் அது போதுமானதாக இருந்தது. செய்தி வயல்வெளிகளில் பரவியது. இரண்டு மாதம் கழித்து, பெண்களும் குழந்தைகளுமாக 900 பேர் கோட்டையில் இருப்பதாக பட்லர் தலைநகருக்கு எழுதினார். இவர்களை என்ன செய்வது, இவர்கள் உடைமையா, மனிதர்களா என்றும் அந்தக் கடிதத்தில் கேட்டார்.

அடுத்து வந்த சட்டங்களின் வரிசையைப் பார்த்தால் எது முந்தியது, எது பிந்தியது என்பது விளங்கும். 1861 ஆகஸ்டில் எதிரியின் போர் வேலைக்குப் பயன்படுத்தப்பட்ட அடிமைகளை எஜமானர் இழப்பார் என்றது காங்கிரஸ். 1862 மார்ச்சில், தப்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று படை அதிகாரிகளுக்குத் தடை விதித்தது. ஏப்ரலில் தலைநகரில் அடிமைமுறை ஒழிந்தது. ஜூலையில், கலகத்தில் சேர்ந்த எஜமானர்களின் அடிமைகள் வடக்கின் எல்லைக்குள் வந்தால் விடுதலை பெறுவர் என்றது இன்னொரு சட்டம். செப்டம்பரில் லிங்கனின் முன்னறிவிப்பு, ஜனவரியில் பிரகடனம். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் முதலில் வந்து நின்றார்கள், சட்டம் அவர்கள் பின்னால் வந்தது. அவர்கள் வெறுங்கையோடும் வரவில்லை. சாலைகள், ஆறுகள், எதிரியின் பீரங்கிகள் நிற்கும் இடங்கள் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அடிமை மாலுமியாக இருந்த ராபர்ட் ஸ்மால்ஸ், 1862 மே 13 விடியலில் வெள்ளை அதிகாரிகள் இல்லாத நேரம் பார்த்து, தெற்குப் படையின் பிளான்டர் கப்பலைத் தம் குடும்பத்தோடு ஓட்டிவந்து வடக்கின் கடற்படையிடம் ஒப்படைத்தார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அடிமைகள் தப்பி ஓடுவது புதிதல்ல. இருநூறு ஆண்டுகளாக ஓடியும் அடிமைமுறை அசையவில்லை. வடக்கின் படை அருகில் வந்து நின்றதால்தானே இந்த ஓட்டம் பலித்தது? அதில் உண்மை இருக்கிறது. படை இல்லாமல் விடுதலை இல்லை. ஆனால் அந்தப் படை விடுதலைக்காக அனுப்பப்பட்டதல்ல. தன் வாசலுக்கு வந்த மனிதரைத் திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்ற கேள்வியை அதன்மேல் சுமத்தியவர்கள் அடிமைகள்தாம். சரி, போர் முடிவதற்குள் வடக்கின் எல்லையை எட்டியவர்கள் சுமார் 5 லட்சம் பேர்தானே, மற்றவர்கள் வயலிலேயே இருந்தார்களே என்று கேட்கலாம். இருந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்குத் தெற்கின் சொந்தச் சட்டமே சாட்சி. 1862 அக்டோபரில், 20 அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையர் வீதம் கட்டாயப் படைச் சேவையிலிருந்து விலக்கு அளித்தார்கள். களத்தில் ஆள் போதாமல் திணறிய அரசு, அடிமைகளைக் காவல் காக்க ஆட்களை வீட்டில் விட்டுவைத்தது. இது பணக்காரன் போர், சாவது மட்டும் ஏழை என்ற கசப்பு அடிமையில்லாத வெள்ளைக் குடியானவர்களிடம் வளர இந்தச் சட்டமும் ஒரு காரணம். கறுப்பர் உழைப்பை நிறுத்தியதை ஒரு பொது வேலைநிறுத்தம் என்று 1935இல் எழுதினார் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ். அந்த விவரிப்பு மிகை என்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிதும் சரியென்றே படுகிறது.

பிரகடனம் எல்லை மாநிலங்களைத் தொடவில்லை. கென்டக்கியில் அது செல்லாது. ஆனால் அதே பிரகடனம் கறுப்பரைப் படையில் சேர்க்க வழி திறந்தது. வடக்கின் படையில் சேர்ந்த ஏறத்தாழ 1,80,000 கறுப்பு வீரர்களில் 23,000க்கும் மேற்பட்டோர் கென்டக்கிக்காரர்கள். லூசியானாவுக்கு அடுத்து அதிகம். படையில் சேர்ந்தவருக்கு விடுதலை. மனைவி மக்களுக்கு இல்லை. எனவே குடும்பங்கள் வீரர்களைத் தேடிக் கென்டக்கியிலிருந்த நெல்சன் படைமுகாமுக்கு வந்தன. 1864 நவம்பரில், உறைய வைக்கும் குளிரில், முகாம் அதிகாரிகள் 400 பெண்களையும் குழந்தைகளையும் வெளியே துரத்திக் குடிசைகளை இடித்தார்கள். அவர்களில் 102 பேர் மடிந்தார்கள். ஒரு வீரர் தம் நோயுற்ற மகனை அப்படி இழந்ததைச் சத்தியவாக்குமூலமாக எழுதிக் கொடுத்தார். வடக்கின் பத்திரிகைகள் கொதித்தன. 1865 மார்ச்சில் கறுப்பு வீரர்களின் மனைவி மக்கள் அனைவருக்கும் விடுதலை என்று காங்கிரஸ் சட்டம் இயற்றியது. சம்பளத்திலும் இதே கதைதான். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். கறுப்பருக்கு 10 டாலர், அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். கறுப்பு வீரர்களின் 54ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவு குறைந்த சம்பளத்தை வாங்கவே மறுத்தது, மறுத்துக்கொண்டே போரிட்டது. 1864 ஜூனில்தான் சமச் சம்பளச் சட்டம் வந்தது. கறுப்பு வீரர்களைக் கைவிட்டால் மூன்று வாரத்தில் போரையே கைவிட நேரும் என்று லிங்கன் அந்த ஆகஸ்டில் சொன்னார். போரில் சேர்ந்த கறுப்பு வீரர்களில் ஏறத்தாழ 40,000 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது நோய்.

1865 ஜனவரி 12 அன்று வடக்கின் ஜெனரல் ஷெர்மனும் போர் அமைச்சர் ஸ்டான்டனும் சவானாவில் 20 கறுப்பினத் தேவாலயத் தலைவர்களை அழைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் 1,000 டாலர் கொடுத்துத் தம்மையும் தம் மனைவியையும் மீட்டுக்கொண்ட காரிசன் ஃபிரேசியர் என்ற முதியவர் எல்லோர் சார்பிலும் பதில் சொன்னார்: நிலம் வேண்டும், எங்கள் உழைப்பால் உழுது எங்களைக் காத்துக்கொள்வோம். நான்கு நாளில் ஷெர்மன் கடலோர நிலங்களை 40 ஏக்கர் வரையிலான துண்டுகளாக ஒதுக்கி ஆணையிட்டார். ஏறத்தாழ 40,000 பேர் குடியேறி விதைத்தார்கள். லிங்கன் கொல்லப்பட்டபின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன், அந்த ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலான நிலத்தைப் பழைய பண்ணையார்களிடமே திருப்பித் தரச் செய்தார். விடுதலை நாம் கொடுத்தது, எவ்வளவு கொடுப்பது என்பதும் நம் விருப்பம் என்ற எண்ணம் இல்லாமல் அவரால் அதைச் செய்திருக்க முடியாது. நான்கு ஆண்டு நடந்தும் உழைத்தும் சுமந்தும் போரிட்டும் அந்த மக்கள் சம்பாதித்ததை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.