உங்களுக்குத் தெரியுமா? சிறு மாற்றமா, பெரு மாற்றமா?

அமெரிக்க ராணுவத்துக்கு விமானமோ ஏவுகணையோ செய்து தரும் நிறுவனம், ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் ஒரு போல்ட்டை மாற்ற நினைத்தாலும் முதலில் அந்த மாற்றம் எந்த வகுப்பு என்று தீர்மானிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் சொன்ன வடிவம், பொருத்தம், செயல்பாடு, பாதுகாப்பு, விலை, ஒப்படைக்கும் தேதி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பாதிக்கப்பட்டாலும் அது முதல் வகுப்பு. அரசு ஒப்புதல் தரும்வரை அதைச் செய்யக் கூடாது. வரைபடத்தில் எழுத்துப்பிழை திருத்துவது போன்றவை இரண்டாம் வகுப்பு. அதிலும் வகைப்படுத்தியது சரிதானா என்பதை வழக்கமாக அரசுப் பிரதிநிதி பார்ப்பார். 1992-இல் வந்த மில்-எஸ்டிடி-973 தரநிலை இந்தப் பிரிவைக் கையாண்டது. பிற்காலத் தரநிலையில் இவை ‘மேஜர்’, ‘மைனர்’ ஆயின.

இதில் மிக முக்கியமானது பார்ட் நம்பர் விதி. பழைய பாகத்துக்குப் பதில் புதியதை அப்படியே பொருத்த முடியாது என்றால் புது எண் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால், பழுதுபார்ப்பவர் கையில் இருப்பது எந்தப் பாகம் என்று யாருக்கும் தெரியாது.

கார் உலகில் இந்த ஒழுங்கு தவறியது. 2006-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் ஒருவர், ஓடும்போதே அணைந்துவிடக்கூடிய இக்னிஷன் சுவிட்சின் டிசைனைத் திருத்த ஒப்புதல் கொடுத்தார், எண்ணை மாற்றவில்லை. பழைய கார்கள் மட்டும் ஏன் விபத்துக்குள்ளாகின்றன என்று விசாரித்தவர்கள் பல ஆண்டுகள் குழம்பினார்கள். 2014-இல்தான் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்தச் சுவிட்சால் நேர்ந்தவை என்று இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.