சண்டாகான் முகாமிலிருந்து தப்பிய அறுவர்



ஜப்பானியர் காலத்துக் கதை கேட்காத தோட்டக் குடும்பம் நம்மிடையே குறைவு. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பி வராதவர்களின் பெயர்களைப் பல வீடுகளில் இன்றும் சொல்கிறோம். அதே ஆண்டுகளில், கடலுக்கு அப்பால் சபாவிலும் ஒரு பெருந்துயரம் நிகழ்ந்தது. சண்டாகான் நகருக்கு வெளியே எட்டாம் கட்டையில் ஒரு போர்க்கைதிகள் முகாம் இருந்தது. 1943-க்குப் பின் அங்கே அடைபட்டுக் கிடந்த ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வீரர்கள் 2,400-க்கும் மேற்பட்டவர்கள். போர் முடிந்தபோது அவர்களில் உயிரோடு இருந்தவர்கள் ஆறே பேர். அந்த அறுவருமே தப்பி ஓடியவர்கள்.

அவர்கள் எப்படித் தப்பினார்கள்? மற்றவர்கள் ஏன் தப்பவில்லை? இன்று இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்போம்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கான வீரர்கள் சாங்கி முகாமில் கைதிகளானார்கள். அவர்களில் ஏறத்தாழ 1,500 ஆஸ்திரேலியர்களை அதே ஆண்டு ஜூலை மாதம் கப்பலில் ஏற்றிச் சண்டாகானுக்குக் கொண்டு சென்றனர். 1943-இல் மேலும் 500 ஆஸ்திரேலியர்களும், எழுநூறுக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்களும் வந்து சேர்ந்தார்கள். காட்டை வெட்டி, மண்ணைச் சமப்படுத்தி, போர் விமானங்கள் இறங்கும் திடல் ஒன்றை அமைப்பதே அவர்களுக்கு இடப்பட்ட வேலை. முகாமின் தலைவர் ஹோஷிஜிமா என்ற ஜப்பானியக் கேப்டன். வேலையில் தளர்ந்தவருக்கு அடி விழும். பெரிய தண்டனை பெற்றவரை, நிமிர்ந்து நிற்கவும் முடியாத ஒரு மரக்கூண்டில் அடைத்து வைப்பார்கள்.

போர்க்கைதி தப்ப முயல்வது குற்றச் செயல் அன்று என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட முறை. பிடிபட்டால் ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே எடுக்கலாம் என்று 1929-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் கூறியது. ஜப்பான் அதில் கையெழுத்திட்டது. ஆனால் அதை உறுதிப்படுத்தவில்லை. சண்டாகானில் அந்த முறைக்கு மதிப்பே இருக்கவில்லை.

1942-லேயே சிலர் வேலி தாண்டினார்கள், பிடிபட்டார்கள். உடனே செப்டம்பர் மாதத்தில் கைதிகள் எல்லாரையும் திடலில் நிறுத்தி, ஒரு தாளை நீட்டினார்கள். தப்ப மாட்டோம் என்றும், யாராவது தப்பினால் சுட்டுக்கொல்ல ஒப்புகிறோம் என்றும் அதில் எழுதியிருந்தது. கைதிகளின் தலைவர் கர்னல் வால்ஷ் கையெழுத்திட மறுத்தார். அவரைத் தனியே இழுத்து நிறுத்தி, துப்பாக்கிகளை நீட்டினார்கள். கடைசியில் வாசகம் சற்று மாற்றப்பட்ட பிறகு, வேறு வழியின்றி எல்லாரும் கையெழுத்திட்டார்கள். பலர் பொய்ப் பெயரை எழுதிக் கொடுத்தார்கள்!

இப்போது நாம் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒருவன் முள்வேலியைத் தாண்டிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அவன் எங்கே போவான்? ஒரு பக்கம் கடல், மறு பக்கம் அடர்ந்த காடு. அவன் நிறமும் பேச்சும் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். அவன் போனால் தோழர்கள் உணவை இழக்கலாம், உயிரையும் இழக்கலாம். உள்ளே பொறுமையாக இருந்தால் போர் முடியும், வீடு போய்ச் சேரலாம் என்ற நம்பிக்கையும் அப்போது இருந்தது. ஆகவேதான் பலர் தப்ப முயலவில்லை. இதைக் கோழைத்தனம் என்று நாம் கருதக் கூடாது.

ஆயினும் ஒரு கூட்டம் வென்றது. சண்டாகான் துறைமுகத்திற்கு எதிரே பெர்ஹாலா என்றொரு சிறு தீவு உண்டு. 1943-இல் வந்த ஆஸ்திரேலியர்களை முதலில் அங்கேதான் வைத்திருந்தார்கள். ஜூன் மாதத் தொடக்கத்தில், அவர்களைப் பெரிய முகாமுக்கு மாற்றும் தறுவாயில், சிலர் நழுவினார்கள். மூவர் சிறு படகொன்றில் ஏறித் துடுப்பு வலித்தே பிலிப்பைன்ஸைச் சேர்ந்த தாவி-தாவி தீவை அடைந்தார்கள். மற்ற ஐவர் காட்டில் ஒளிந்திருந்து, பின்னர் வேறொரு படகில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கோராம் என்ற உள்ளூர்ப் போலீஸ்காரர் அவர்களுக்குத் துணை நின்றார். அந்த எண்மரும் பிலிப்பைன்ஸ் கொரில்லாப் படையில் சேர்ந்தார்கள். இருவர் அங்கே போரிட்டு மாண்டார்கள்.

இதே காலத்தில் முகாமுக்குள் இன்னொரு வேலை இரகசியமாக நடந்தது. கேப்டன் லயனல் மேத்யூஸ் என்பவர் வெளியில் இருந்த மக்களோடு தொடர்பு வைத்திருந்தார். சண்டாகான் மருத்துவமனையின் டாக்டர் டெய்லர் மருந்துகள் அனுப்பினார். உள்ளூர் மக்கள் செய்தியும் பொருளும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கைதிகள் ஒரு வானொலிப் பெட்டியையே தங்கள் கையால் செய்து, வெளியுலகச் செய்தி கேட்டார்கள். 1943 ஜூலையில் இந்த இரகசியம் வெளிப்பட்டது. மேத்யூஸ் 1944 மார்ச் 2-ஆம் நாள் கூச்சிங்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு சேர்த்து உள்ளூர்க்காரர்கள் எட்டுப் பேரும் கொல்லப்பட்டார்கள். எர்னெஸ்டோ லகான், ஹெங் ஜூ மிங், அலெக்சாண்டர் ஃபங்க், மத்துசுப் பின் குங்காவ் ஆகியோர் அந்த எட்டுப் பேரில் அடங்குவர். வெவ்வேறு இனத்தவரான இவர்கள் போர்வீரர்கள் அல்லர். தம் ஊரில், தம் குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள்.

இதன் பின் அதிகாரிகளில் பெரும்பாலோரைக் கூச்சிங்குக்கு மாற்றிவிட்டார்கள். வழிநடத்துவோர் குறைந்தனர். 1945 ஜனவரியில் அரிசி கொடுப்பதும் நின்றது. நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுத் திடலைப் பாழாக்கின. கைதிகளால் இனிப் பயனில்லை என்றாயிற்று.

அப்போதுதான் அந்த நடைப்பயணங்கள் தொடங்கின. சண்டாகானிலிருந்து ரனாவ் வரை ஏறத்தாழ 260 கிலோமீட்டர். சதுப்பு நிலம், ஆறு, செங்குத்தான மலை. முதல் பயணத்தில் சுமார் 455 பேர், அரிசி மூட்டைகளையும் வெடிமருந்தையும் சுமந்துகொண்டு நடந்தார்கள். விழுந்தவர் எழாவிட்டால் கொல்லப்பட்டார். மே மாத இறுதியில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் இரண்டாவது பயணத்தில் புறப்பட்டார்கள்; ரனாவை அடைந்தவர்கள் 183 பேர். நடக்க முடியாமல் சண்டாகானில் விடப்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இப்போது கணக்கு மாறிவிட்டது. இருந்தாலும் சாவு, ஓடினாலும் சாவு என்ற நிலை. ஆகவே சிலர் ஓடத் துணிந்தார்கள்.

ஜூன் மாதத்தில், இரண்டாவது பயணத்தின் இடையே, ஓவன் கேம்ப்பெல் நான்கு தோழர்களுடன் காட்டுக்குள் பாய்ந்தார். நால்வரும் இறந்துபோயினர். தனியே ஆற்றங்கரையில் கிடந்த கேம்ப்பெல்லைப் படகில் சென்றவர்கள் கண்டு, முவானாட் கம்பத்திற்குக் கொண்டுபோனார்கள். கம்பத் தலைவர் குலாங் அவரை மறைத்து வைத்து, நேச நாட்டுப் படையினரிடம் சேர்க்க ஏற்பாடு செய்தார். ரிச்சர்ட் பிரெய்த்வெயிட் என்பவரும் வரிசையிலிருந்து நழுவினார். அபிங் என்ற முதியவர் அவரைக் கண்டு தம் கம்பத்திற்கு அழைத்துச் சென்றார். கம்பத்தார் படகில் மறைத்து வைத்துக் கடல் வரை துடுப்பு வலித்துச் சென்றார்கள். அங்கே ஓர் அமெரிக்கப் போர்ப்படகு அவரை ஏற்றிக்கொண்டது.

ரனாவிலிருந்து ஜூலை 7-ஆம் நாள் கீத் போட்டெரில், வில்லியம் மாக்ஸம், நெல்சன் ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய நால்வர் ஓடினார்கள். பாரிகா என்ற கிராமத்து மனிதர் அவர்களைக் கண்டார். காட்டில் குடிசையில் ஒளித்து வைத்து, உணவு கொண்டுவந்து கொடுத்தார். ஆண்டர்சன் வயிற்றுக்கடுப்பால் இறந்தார், மூவர் பிழைத்தனர். அம்மாதக் கடைசியில், எல்லாரையும் கொல்லப் போகிறார்கள் என்று காவலாளி ஒருவர் எச்சரித்ததைக் கேட்டு, வில்லியம் ஸ்டிக்பெவிச் ஒரு நண்பரோடு ஓடினார். டிஹில் என்பவர் அவர்களுக்கு அடைக்கலம் தந்தார். நண்பர் நோயால் இறக்க, ஸ்டிக்பெவிச் மட்டும் மீண்டார். ரனாவில் எஞ்சியிருந்தவர்கள் ஆகஸ்டு மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

நேயர்களே, ஓர் உண்மையை நாம் கவனிக்க வேண்டும். இந்த அறுவரின் வரலாற்றிலும் ஒரு கம்பத்து வீடு இருக்கிறது. பசியால் வாடிய ஒரு மனிதனால் அந்தக் காட்டைத் தனியே கடந்திருக்க முடியாது. கைதிக்கு ஓர் உயிர்தான் ஆபத்தில் இருந்தது. அவனை வீட்டில் வைத்தவருக்கோ மனைவி, மக்கள், ஊர் எல்லாமே ஆபத்தில் இருந்தன. பிடிபட்டால் என்ன நேரும் என்பதைக் கூச்சிங்கில் இறந்த எட்டுப் பேரின் முடிவு காட்டியிருந்தது. ஜப்பானியர் காலத்தில் ஒரு பிடி அரிசியின் அருமை நம் பெரியவர்களுக்குத் தெரியும். அத்தகைய காலத்தில் முன்பின் அறியாத ஒருவனுக்கு இந்த மக்கள் சோறு போட்டார்கள்.

அதன் பயன் ஆறு உயிர்களோடு நிற்கவில்லை. ஒருவரும் தப்பியிராவிட்டால், நடந்ததைச் சொல்ல ஒரு கைதியும் மிஞ்சியிருக்க மாட்டான். தப்பியவர்கள் போர்க்குற்ற நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். ஹோஷிஜிமா 1946 ஏப்ரலில் ரபாவுலில் தூக்கிலிடப்பட்டார். மகன் எங்கே மடிந்தான் என்பதைப் பல தாய்மார்கள் அறிய முடிந்ததும் அந்தச் சாட்சியத்தால்தான்.

முகாம் இருந்த இடம் இன்று ஒரு நினைவுப் பூங்கா. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 15-ஆம் நாள் அங்கே மாண்டவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். சபாவுக்குப் போக நேர்ந்தால் நம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோம். வீரர்களின் பெயர்களோடு குலாங், அபிங், பாரிகா, டிஹில் என்ற பெயர்களையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம்.