வீட்டிலா, பள்ளிவாசலிலா? வெளியே கிளம்பிய பெண் எங்கே தொழுவது?

பள்ளிவாசலுக்குப் பெண்கள் வரலாம் என்று உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லியாகிவிட்டது. ஆனால், வந்தால் நிற்க இடம் இருக்கிறதா?

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் ஆரணி பட்டுக்கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. வேலூர், ஆற்காடு பக்கமிருந்தெல்லாம் வண்டி பிடித்துக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். நிக்காஹ் புடவை எடுக்க வரும் முஸ்லிம் குடும்பங்களும் அதில் உண்டு. காலையில் உட்கார்ந்தால், நிறம் பார்த்து, பார்டர் பார்த்து, விலை பேசி முடிப்பதற்குள் பிற்பகலாகிவிடும். இடையில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்வார்கள். கூட வந்த ஆண்கள் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போய், கால் மணி நேரத்தில் தொழுதுவிட்டு வந்துவிடலாம். பெண்களுக்கு அது சுலபமில்லை. பலருக்கும் வீடு திரும்பி, தவறிய தொழுகையை 'களா'வாக நிறைவேற்றுவதுதான் வழி.

தறி இருக்கும் வீட்டில் தார் சுற்றிக்கொண்டே பகலைக் கழிக்கும் பெண்ணுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பாங்கு கேட்டதும் எழுந்து, ஒளூ செய்து, பாயை விரித்தால் போதும். கல்லூரி, வேலை, ஆஸ்பத்திரி, பயணம் என்று வெளியே இருக்கும் பெண்ணுக்குத்தான் 'எங்கே தொழுவது?' என்ற கேள்வி தினமும் வருகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஐவேளைத் தொழுகை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலக் கடமை. ஆனால் ஜமாஅத்தாகத் தொழுவதும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவதும் பெண்களுக்குக் கட்டாயமில்லை. இதில் கருத்து வேறுபாடு கிடையாது. பள்ளிவாசலுக்குப் போவது சரியா என்பதில்தான் விவாதம்.

இரண்டு பக்கமும் ஹதீஸ்களைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இறைவனின் அடிமைப் பெண்களை அவனுடைய பள்ளிவாசல்களிலிருந்து தடுக்க வேண்டாம் என்று நபிகள் நாயகம் சொன்னதாக புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் பதிவாகியிருக்கிறது. அவருக்குப் பின்னால் தொழ வேண்டும் என்று ஆசைப்பட்ட உம்மு ஹுமைத் என்ற பெண்ணிடம், வீட்டில் தொழுவதே சிறந்தது என்று அவர் சொன்னதாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது.

மதீனாவில் நடைமுறை எப்படி இருந்தது? விடியற்காலைத் தொழுகைக்குப் பெண்கள் போர்த்திக்கொண்டு வந்து, இருள் பிரிவதற்குள் வீடு திரும்பினார்கள். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டால், தாய் தவிப்பாளே என்று நபிகள் நாயகம் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார். கலீஃபா உமருக்குத் தம் மனைவி பள்ளிவாசலுக்குப் போவது பிடிக்காது. ஆனாலும் நபியின் சொல்லை நினைத்து அவர் தடுக்கவில்லை. மனைவியும் போவதை நிறுத்தவில்லை.

பிற்கால ஹனஃபி அறிஞர்கள், காலம் கெட்டுவிட்டது, குழப்பம் வரும் என்ற காரணத்தைச் சொல்லிப் பெண்கள் வருவதை விரும்பவில்லை. வட ஆற்காடு பகுதியில் ஹனஃபி வழக்கமே பரவலானது.

ஊருக்கு ஊர் மாறும் வழக்கம்

ஷாஃபி மத்ஹப் பரவிய கடலோர ஊர்களான காயல்பட்டினம், கீழக்கரையில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன. தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் நடத்தும் பள்ளிவாசல்களில் பெண்களுக்குத் தனி இடம் உண்டு. அவர்களுடைய பெருநாள் திடல் தொழுகைக்குக் குடும்பத்தோடு வருகிறார்கள்.

சீனாவின் கைஃபெங் நகரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே பெண்களுக்கென்று தனிப் பள்ளிவாசல் இருந்தது. அங்கே வழிநடத்துவதும் பெண்கள்தான். ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போகும் நம்மூர்ப் பெண்கள் மக்காவின் ஹரமிலும் மதீனாவின் மஸ்ஜிதுன் நபவியிலும் ஐந்து வேளையும் தொழுகிறார்கள். ஊருக்குத் திரும்பினால் தங்கள் தெருப் பள்ளிவாசலில் இடமில்லை என்ற நிலைதான் பலருக்கு.

உச்ச நீதிமன்றத்தில் என்ன நடந்தது?

பள்ளிவாசலில் தொழப் பெண்களை அனுமதிக்கக் கோரி, புனேயைச் சேர்ந்த ஒரு தம்பதி 2019-இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு நவம்பரில், சபரிமலை மறுஆய்வு மனுக்களை விசாரித்த அமர்வு, இந்த விவகாரத்தையும் சேர்த்தே பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது.

பின்னர் இதே கோரிக்கையோடு தொடரப்பட்ட இன்னொரு வழக்கில், அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் 2023 பிப்ரவரியில் பதில் மனு தாக்கல் செய்தது. பெண்கள் பள்ளிவாசலுக்குள் வந்து தொழ மார்க்கத்தில் அனுமதி உண்டு. ஜமாஅத்தில் கலந்துகொள்வது கட்டாயமில்லை. ஆண்களோடு ஒரே வரிசையில் கலந்து நிற்கக் கூடாது. அதன் நிலைப்பாடு இவ்வளவுதான். கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தது. புதிதாகப் பள்ளிவாசல் கட்டும்போது பெண்களுக்கான இடத்தையும் மனதில் வைத்துக் கட்டுங்கள் என்று முஸ்லிம் சமூகத்தைக் கேட்டுக்கொண்டது.

அனுமதி இருக்கிறது என்றாகிவிட்டால், மிச்சமிருப்பது கட்டடம்தான். கதவு திறந்திருந்தும் உள்ளே பெண்களுக்கு ஓர் அறை இல்லையென்றால், அந்த அனுமதி காகிதத்தோடு நின்றுவிடும்.

புதுக்கோட்டை எழுப்பிய கேள்வி

நம் மாநிலத்தில் இதை உரக்கப் பேசியவர் புதுக்கோட்டையைச் சேர்ந்த தாவூத் ஷரீஃபா கானம். 2000-களின் தொடக்கத்தில் முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கிய அவர், பெண்களுக்கென்று ஒரு பள்ளிவாசல் கட்டப்போவதாக அறிவித்தது உலக அளவில் செய்தியானது. அந்தப் பெண்கள் ஜமாஅத்தைப் பற்றி தீபா தன்ராஜ் 2011-இல் ஆவணப்படமே எடுத்தார்.

ஷரீஃபாவின் வாதம் தொழுகையோடு நிற்கவில்லை. தலாக், வரதட்சணை, ஜீவனாம்சம் போன்ற குடும்ப வழக்குகளை ஜமாஅத் பேசித் தீர்ப்பது பள்ளிவாசலில். யாருடைய வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கிறார்களோ, அந்தப் பெண்ணால் அங்கே உட்கார்ந்து தன் பக்கத்தைச் சொல்ல முடியாது. அதனால்தான் தனி ஜமாஅத், தனிப் பள்ளிவாசல் என்று அவர் போனார். தனிப் பள்ளிவாசல் யோசனையை ஏற்காதவர்கள்கூட, அவர் எழுப்பிய இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

தேவை ஓர் அறை, ஒரு குழாய்

சுத்தமான எந்த இடத்திலும் தொழலாம். ஆனால் அதற்கு முன் ஒளூ செய்ய வேண்டும். கையை முழங்கை வரை கழுவ வேண்டும், தலையை ஈரக்கையால் தடவ வேண்டும், காலைக் கணுக்கால் வரை கழுவ வேண்டும். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஹவுளுக்கு முன்னால் ஒரு பெண் முக்காட்டை விலக்கி, கையைத் திறந்து இதைச் செய்ய முடியாது.

ஆகவே தேவைப்படுவது தனி வழி, மறைவான இடத்தில் இரண்டு குழாய், ஒரு கழிப்பறை, பாய் விரிக்கும் அளவுக்கு ஓர் அறை. பாதை ஓரத்துப் பள்ளிவாசல்களில் இது இருந்தாலே பயணம் போகும் பெண்களுக்குப் பெரிய நிம்மதி. பட்டுக்கடைக்காரர்களும் யோசிக்கலாம். நாள் முழுக்கத் தங்கள் கடையில் இருக்கும் வாடிக்கையாளருக்கு ஒரு சுத்தமான மூலை கொடுப்பதில் செலவு ஏதுமில்லை.

வெளியே கிளம்பும்போது...

* வீட்டிலேயே ஒளூ செய்துவிட்டுக் கிளம்பினால், அது முறியாதவரை அடுத்த தொழுகைக்கும் போதும்.

* சுமார் 80 கிலோமீட்டருக்கு மேல் பயணம் என்றால் லுஹர், அஸர், இஷாவின் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஆரணியிலிருந்து சென்னை போனால் இந்தச் சலுகை உண்டு. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் கிடையாது.

* பயணத்தில் லுஹரோடு அஸரையும், மஃரிபோடு இஷாவையும் சேர்த்துத் தொழ ஷாஃபி மத்ஹபில் வழி உண்டு. ஹனஃபியில் அந்தந்த வேளையில் தொழ வேண்டும்.

* மஃரிபுக்கு நேரம் குறைவு. அந்த வேளையில் பேருந்தில் இருக்காதபடி கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

வீட்டில் தொழுவதே சிறப்பு என்று நம்பும் பெண்ணை யாரும் பள்ளிவாசலுக்கு இழுக்கவில்லை. வீட்டில் இல்லாத நேரத்தில் வேளை தவறாமல் தொழ நினைப்பவருக்குத்தான் இந்த இடம். உங்கள் ஊரில் பள்ளிவாசலைப் புதுப்பிக்க வசூல் நடக்கிறது என்றால், 'வரைபடத்தில் பெண்களுக்கு இடம் எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள். தூண் எழும்பிய பிறகு கேட்டால் 'அடுத்த முறை பார்க்கலாம்' என்றுதான் பதில் வரும்.